அபராதம் வேறு, இழப்பீடு வேறு, பங்கீடு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தோல் ஆலைக் கழிவால் வந்த பாலாற்று மாசு வழக்கு பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் 'விவசாயிகளுக்கு நீதி கிடைத்தது' என்று தலைப்பு போடுகிறீர்கள். இரண்டு நாள் கழித்து வாசகர் ஒருவர் 'இதுவா நியாயம்?' என்று எழுதுகிறார். தலைப்பும் தப்பில்லை, கேள்வியும் தப்பில்லை. தலைப்பு ஒரு நீதியைச் சொல்கிறது, வாசகர் வேறொரு நீதியைக் கேட்கிறார். எந்த நீதி என்று பிரித்துக் கேட்காதவரை இந்தப் பேச்சு முடியப்போவதில்லை. மனுவோடு அலைகிறவரும் தப்பான கதவையே தட்டிக்கொண்டிருப்பார்.

கட்டடத்துக்குப் பெயர் நீதிமன்றம். அதன் வாசலில் நிற்பவரோ 'நியாயம் சொல்லுங்க' என்றுதான் கேட்பார். தீர்ப்பு வந்த பிறகு 'சட்டப்படி சரிதான், ஆனா நியாயமில்ல' என்று சொல்லவும் நமக்குத் தெரியும். அந்த நியாயத்தையும் நாம் ஒரே பொருளில் சொல்வதில்லை. 'ஓரம் சொல்லாதே' என்பது ஒன்று, 'பங்கு சரியில்லை' என்பது இன்னொன்று. 'செய்ததற்கு அனுபவிக்கட்டும்' என்பது மூன்றாவது, 'போனதைத் திருப்பிக் கொடு' என்பது நாலாவது. நடைமுறை, பங்கீடு, தண்டனை, ஈடுகட்டல் என்று படித்தவர்கள் பெயர் வைத்திருப்பது இவற்றுக்குத்தான். பங்கீட்டுக்கும் ஈடுகட்டலுக்கும் கணக்கே வேறு என்று அரிஸ்டாட்டில் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே பிரித்துக் காட்டினார். பங்கிடும்போது ஆளுக்கேற்ற விகிதம் பார்க்க வேண்டும். ஈடுகட்டும்போது ஆள் யார் என்று பார்க்கக் கூடாது, எடுத்தது எவ்வளவோ அவ்வளவையும் திருப்ப வேண்டும்.

இதை வைத்துக்கொண்டு நம் வழக்கையே பார்க்கலாம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்ற கணக்கு அதில் இருக்கிறது. தோல் ஆலைகள் உள்ள பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ பயிருக்கு உதவாமல் போய்விட்டது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வும் இருக்கிறது. மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்திய மண்ணின் சட்டம்தான் என்று அந்தத் தீர்ப்பு உறுதிப்படுத்தியதால், சட்டக் கல்லூரிகளில் இன்றும் அதை நம் ஊர்ப் பெயரிலேயே பாடமாக நடத்துகிறார்கள். உத்தரவுப் பகுதியைப் பொறுமையாகப் படித்தால் ஒரே தாளில் பல வகை நீதி அடுத்தடுத்து நிற்பது தெரியும்.

முதலில் அபராதம். வட ஆற்காடு அம்பேத்கர், ஈரோடு பெரியார், திண்டுக்கல் அண்ணா, திருச்சி, செங்கை எம்.ஜி.ஆர். என்று அன்று பெயர் கொண்டிருந்த ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய். பத்துத் தொட்டி வைத்துக் கூலிக்குப் பதனிட்டவருக்கும் பத்தாயிரம், ஏற்றுமதிக்காக நாள் முழுக்க டிரம் ஓட்டியவருக்கும் பத்தாயிரம். தொகை சமம். சிறியவருக்கு அது ஒரு மாதத்தைத் தள்ளாட வைத்த பணம், பெரியவருக்குச் சில்லறை. தண்டனை என்ற அளவில் இதற்கு ஒரு சமாதானம் உண்டு: தப்பு எல்லாருடையதும், வேகமாக வசூலிக்க ஒரே தொகைதான் வசதி. பங்கீடு என்ற அளவில் சமாதானம் கிடையாது. பதனிட்ட தோலின் எடைக்கோ வெளியேற்றிய கழிவுநீரின் அளவுக்கோ தொகை போட்டிருந்தால்தான் விகிதம் சரியாகும். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் செலவைப் பங்கு பிரிக்கும்போது வரும் சண்டையும் இதேதான். தலைக்கு இவ்வளவு என்றால் சிறியவர் முறையிடுவார், லிட்டருக்கு இவ்வளவு என்றால் பெரியவர் முறையிடுவார். மீட்டர் பொருத்தி லிட்டர் கணக்கில் வசூலிப்பதே என் பார்வையில் சரி, ஆனால் மீட்டரைப் பார்க்கப் போகிறவர் நேர்மையாக இருக்க வேண்டும்.

அடுத்தது இழப்பீடு. இங்கேதான் செய்திகள் தவறுகின்றன. இழப்பீட்டை இரண்டு தலைப்பில் கணக்கிட வேண்டும் என்று அந்தத் தீர்ப்பே சொல்கிறது: பாதிக்கப்பட்ட மனிதர்களுக்கு ஒன்று, கெட்டுப்போன மண்ணையும் நீரையும் பழைய நிலைக்குக் கொண்டுவர ஒன்று. இதற்காக 1996 செப்டம்பரில் ஓர் ஆணையம் அமைந்தது. 2001 மார்ச் 7 அன்று 29,193 பேருக்கு, 547 தோல் ஆலைகள் கொடுக்க வேண்டும் என்று, ஏறத்தாழ 26 கோடியே 82 லட்சம் ரூபாயை அது நிர்ணயித்தது. கோடி என்றதும் பெரிதாகத் தெரிகிறது. வகுத்துப் பார்த்தால் ஆளுக்குச் சராசரி 9,187 ரூபாய்தான். (சராசரி என்பதை மறக்க வேண்டாம். நிலத்தைப் பொறுத்து ஒருவருக்குக் கூடும், ஒருவருக்குக் குறையும்.)

இனி 2025 ஜனவரி 30-க்கு வாருங்கள். உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு, இழப்பீடு வந்து சேராதவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் மாநில அரசே முதலில் கொடுத்துவிட்டு, மாசு செய்தவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவிட்டது. நிர்ணயத்துக்கும் இந்த உத்தரவுக்கும் இடையில் ஏறத்தாழ 24 ஆண்டு. 2001-ல் ஒரு பவுன் நாலாயிரத்துக்குள் கிடைத்தது, 2025 ஜனவரி கடைசியில் அறுபதாயிரத்தைத் தாண்டியிருந்தது. அன்று அந்த 9,187 ரூபாய்க்கு இரண்டு பவுன் எடுத்து மீதிச் சில்லறை வாங்கியிருக்கலாம். இன்று அதே தொகைக்கு ஒன்றேகால் கிராம் கூட வராது. தங்கக் கணக்கு வேண்டாம் என்றால் வட்டிக் கணக்கு போடுங்கள். உரிமையியல் நீதிமன்றம் பணம் கொடுக்கச் சொல்லும் தீர்ப்பாணைக்கு (டிக்ரி) சாதாரணமாகப் போடும் உச்ச வட்டி ஆண்டுக்கு 6 விழுக்காடு. தனி வட்டியாக 24 ஆண்டுக்கு 13,229 ரூபாய் சேரும், அசலோடு 22,416. ஈடுகட்டல் என்ற சொல்லுக்கு 'எடுத்த அளவைத் திருப்புதல்' என்று பொருள் என்றால், வட்டியில்லாமல் 24 ஆண்டு கழித்து வரும் அசல் பாதி ஈடு கூட இல்லை. நீதி கிடைத்தது என்ற தலைப்பும் இதுவா நியாயம் என்ற கேள்வியும் பிரியும் இடம் இது. உத்தரவு நீதி. காலம் தின்றது நியாயத்தை.

தொகைதான் குறை என்றால் உயர்த்திக் கேட்டுவிடலாம். யாருக்கு என்பது அதைவிடச் சிக்கல். நிலத்தை வைத்து இழப்பைக் கணக்கிடும் எந்த முறையிலும் பட்டாவில் பெயர் இல்லாதவர் விழுந்துவிடுவார். நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்தவருக்கு, நிலம் தரிசாகிப்போனதும் வருஷத்தில் எத்தனை நாள் கூலி போயிருக்கும்? வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, உழுதவருக்கும் இதே கதை. இவர்கள் இழந்தது உண்மை, ஆனால் அடங்கலில் (கிராமப் பயிர்க் கணக்கில்) ஏறாத உண்மை. ஈடுகட்டும் நீதிக்கு ஆவணம் வேண்டும், ஆவணமோ நிலம் உள்ளவரிடம்தான் இருக்கும். ஆகவே நடைமுறை எவ்வளவு ஒழுங்காக நடந்தாலும் ஏழையின் இழப்பு கணக்கில் குறைந்தே நிற்கும். இதற்குத் தனிநபர் இழப்பீட்டை நீட்டிப் பார்ப்பதில் பயனில்லை. அந்த ஊருக்குக் குடிநீர், அந்த ஊர்க் கூலிக்காரருக்கு வேலை என்று பங்கீட்டு வழியில் கேட்பதுதான் நடக்கக் கூடியது.

நிலம் கைமாறியிருந்தால் என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். கிணறு உப்பாகி விளைச்சல் போன பிறகு ஒருவர் நிலத்தை விற்றார் என்று வைத்துக்கொள்வோம். கெட்ட நிலம் என்பதால் அடிமாட்டு விலைக்குத்தான் போயிருக்கும். அப்போது இழந்தவர் பழைய உடைமையாளர், விளைச்சலுக்கான ஈடு அவருக்குச் சேர வேண்டும். வாங்கியவர் குறைந்த விலையில் அந்த நஷ்டத்தைக் கழித்துக்கொண்டுதான் வாங்கினார். ஆனால் மண்ணைச் சீராக்கும் பணம் மண்ணோடு போக வேண்டும், அதாவது இன்றைய உடைமையாளரின் வயலில் செலவாக வேண்டும். தீர்ப்பு இரண்டு தலைப்பு வைத்ததன் அருமை இங்கே புரியும். இரண்டையும் ஒரே காசோலை என்று நினைத்தால் விற்றவரும் வாங்கியவரும் தாலுகா ஆபீஸ் வராந்தாவில் மல்லுக்கட்டுவார்கள்.

மண்ணைச் சீராக்குவது என்றால் என்ன என்பதையும் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அரசுத் தாள்களில் அது ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. பச்சைத் தோல் கெடாமல் இருக்கப் போட்ட உப்பு முதல் ஊறவைப்பிலேயே கழுவி வெளியேறுகிறது. சுத்திகரிப்பு நிலையத்தில் சேறும் நாற்றமும் பிரியும், கரைந்த உப்பு லேசில் பிரியாது. அந்த உப்பின் சோடியம் மண்ணில் ஏறினால் மண் இறுகும், மழை பெய்தாலும் நீர் இறங்காது, காய்ந்தால் ஓடு கட்டும். இதற்கு ஜிப்சம் போடுவார்கள். மண் பரிசோதனையில் அந்த வயலுக்கு ஜிப்சம் தேவை எவ்வளவு என்று பார்த்து, அதில் பாதியைத் தூவி, மேல்மண்ணில் கலக்கும்படி உழுது, வரப்பை உயர்த்தி நீர் கட்டி, ஒரு நாள் வைத்து வடிக்க வேண்டும். வடிகால் இல்லாத வயலில் இதைச் செய்தால் உப்பு அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். பல இடங்களில் வேலை கெட்டது இதனால்தான். பிறகு பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுது, களர் தாங்கும் டிஆர்ஒய் 1 போன்ற நெல்லில் தொடங்கலாம். இத்தனைக்கும் கட்டுகிற நீர் நல்ல நீராக இருக்க வேண்டும். அதே உப்புக் கிணற்று நீரைக் கட்டினால் ஜிப்சம் வாங்கிய காசும் பாழ். தோல் பதனிடப் போடும் குரோமியமோ ஜிப்சத்துக்கு அசைவதே இல்லை. ஆக, மனிதருக்குப் பணம் கொடுத்து முடித்துவிட்டோம் என்று கோப்பை மூடினால் தீர்ப்பின் இரண்டாவது தலைப்பு அப்படியே நிற்கிறது என்று பொருள்.

மாசு செய்தவரே இல்லாமல் போனால்? ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலையின் வளாகத்தில் இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு குவிந்தது. ஆலை நின்று போயிற்று, கழிவு நிற்கிறது. கொடுக்க வேண்டியவர் ஓடிவிட்டால் செலவு அரசுக் கஜானாவுக்கு வருகிறது, அதாவது தீப்பெட்டி வாங்கும்போது வரி கட்டுகிற, அந்தக் குவியலை ஒட்டிக் குடியிருக்கிற குடும்பமும் சேர்ந்து கொடுக்கிறது. 2025 உத்தரவிலும் அரசு முதலில் கொடுக்கிறது, பிறகு வசூலிக்கிறது. அந்த 'பிறகு' நடக்காவிட்டால் பாதிக்கப்பட்டவரே தனக்குத் தானே இழப்பீடு கொடுத்துக்கொண்ட கணக்குதான்.

தண்டனைக்கு நாம் கொடுக்கும் மரியாதை அதிகம். ஆட்சியர் மக்களிடம் மனு வாங்கும் நாளுக்கு மனுநீதி நாள் என்று பெயர் வைத்திருக்கிறோம். கன்றை இழந்த பசு மணியை அடித்தது, அரசன் தன் மகனைத் தேர்க்காலில் இட்டான். தண்டனை நீதிக்கு இதைவிடத் துல்லியமான கதை கிடையாது, கன்றுக்கு மகன், ஒன்றுக்கு ஒன்று. ஆனால் பசுவுக்குக் கன்று திரும்பி வரவில்லையே. அது வருவதற்குக் கதையில் திருவாரூர்ப் பெருமானே வர வேண்டியிருந்தது. அந்த அரசன் பெயர் வைத்த நாளில் வரிசையில் நிற்பவர்களைப் பாருங்கள். முதியோர் உதவித்தொகை, பட்டா மாற்றம், பாதை, குடிநீர். யாரையும் தேர்க்காலில் போடச் சொல்லி அங்கே மனு வருவதில்லை. வருவதெல்லாம் பங்கீட்டு மனு.

பங்கீட்டு நீதி எப்படி நடக்கும், எங்கே சறுக்கும் என்பதை நம் ஏரிப் பாசனத்தைவிட நன்றாகக் காட்டும் இடம் இல்லை. வாலாஜா அருகே பாலாற்று அணைக்கட்டிலிருந்து காவேரிப்பாக்கம் ஏரிக்கு நீர் வரும் மாவட்டம் இது, முறை வைத்து நீர் பாய்ச்சுவதை இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். கணக்குக்கு ஒரு மதகை எடுத்துக்கொள்வோம். ஆயக்கட்டு (அந்த மதகில் பாயும் நிலம்) 60 ஏக்கர், எல்லாருக்கும் ஒரு சுற்று நீர் வந்து முடியும் முறை ஐந்து நாள். ஐந்து நாளுக்கு 120 மணி, ஏக்கருக்கு இரண்டு மணி. தாளில் இதைவிடச் சமம் உண்டா?

வாய்க்காலில் இறங்கினால் இரண்டு கோளாறு தெரியும். தலைமடைக்காரருக்கு மதகு திறந்ததும் நீர் எட்டிவிடும். கடைமடைக்காரரின் கிளை வாய்க்கால் காய்ந்து வெடித்துக் கிடக்கும், வெடிப்பு குடித்து நிரம்பி வரப்பைத் தொட ஒன்றரை மணி ஆகிவிடும். கடிகாரம் மடை திரும்பிய நேரத்திலிருந்து ஓடினால் அவருக்கு மிஞ்சுவது அரை மணி. இன்னொன்று பார்வைக்குத் தெரியாதது. முறை முழு நாள் கணக்கில், அதாவது சரியாக ஐந்து நாளில், திரும்பி வந்தால் ஒருவருடைய நேரம் எப்போதும் அதே மணியில்தான் விழும். இரவு இரண்டு மணி கிடைத்தவருக்குப் பருவம் முழுக்க இரவு இரண்டு மணிதான். பாம்புக்கும் பள்ளத்துக்கும் பயந்து டார்ச் பிடித்து நிற்பது அவர் தலையெழுத்தாகிவிடும். தனியாக விவசாயம் பார்க்கும் பெண் என்றால் அந்த முறையைப் பக்கத்து வயல்காரருக்கு விட்டுக்கொடுத்துவிடுவார். யாரும் திருடவில்லை, பங்கு போயிற்று.

இரண்டுக்கும் சேர்த்து ஒரு வழி இருக்கிறது. முறையை ஐந்தரை நாளாக்கினால் 132 மணி. மதகு முழுக்க வாய்க்கால் நனைய ஆகும் நேரத்தைப் பொதுக் கணக்கில் கழித்துவிடுங்கள், 12 மணி என்று வைத்தால் மீதி 120. ஏக்கருக்கு அதே இரண்டு மணி, ஆனால் இப்போது கடிகாரம் அவரவர் வயலின் வாயில் நீர் வந்த பிறகுதான் ஓடும். அரை நாள் தள்ளுவதால் இந்த முறை இரவு பெற்றவருக்கு அடுத்த முறை பகல். மதகு அடைத்த பிறகு வாய்க்காலில் நிற்கும் நீர் கடைமடைக்குத்தான் வடியும், ஆகவே அவருடைய நேரத்தில் அதற்கு ஒரு கழிவு போட வேண்டும், இல்லாவிட்டால் தலைமடைக்காரர் முறையிடுவார், அவர் முறையிடுவதும் சரி. ஆளுக்கு அரை நாள் கூடுதல் காத்திருப்பு, அதுதான் விலை. கோடை முறையில், மண் லேசான வயலில், அந்த அரை நாள் பயிரை வாட்டும் என்பதால் எல்லா மதகுக்கும் இதே கணக்கைப் பொருத்தக் கூடாது. மதகைத் திறந்து அடைக்கும் நீர்க்கட்டியின் சொல்லுக்கு ஊர் கட்டுப்படுவது, அவர் திறப்பதையும் அடைப்பதையும் எல்லாரும் பார்க்க முடிவதால். அளவுகோல் கண்ணுக்குத் தெரிந்தால் குறைவாகப் பெற்றவரும் பொறுத்துப்போவார்.

அது நடைமுறை நீதி. அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸ் அதை மூன்றாகப் பிரித்தார். மூன்றுக்கும் நம்மிடமே உதாரணம் உண்டு. அண்ணன் பாகம் பிரிக்க, தம்பி முதலில் எடுப்பது ஒரு வகை. பிரிக்கிறவருக்குக் கடைசிப் பங்குதான் என்பதால் அவர் கோணாமல் பிரிப்பார், முடிவும் தானாகச் சரியாக வரும். மனைப்பட்டாவுக்குக் குலுக்கல் போடுவது இன்னொரு வகை. யாருக்கு விழுந்தாலும் சரி, ஏனென்றால் குலுக்கல் தவிர வேறு அளவுகோல் அங்கே இல்லை. மூன்றாவதுதான் ஆபத்தானது, நீதிமன்ற விசாரணை. உண்மை என்று ஒன்று வெளியே இருக்கிறது, அதைப் பிடிக்கத்தான் நடைமுறை, ஆனால் ஒழுங்காக நடந்தும் உண்மை நழுவலாம்.

நழுவுவதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமானால் கழிவுநீர் மாதிரி எடுப்பதைப் பாருங்கள். 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி, மாதிரி எடுக்கும் அதிகாரி ஆலைப் பொறுப்பாளருக்கு அங்கேயே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அவர் முன்னால் மாதிரியை இரண்டாகப் பிரித்து, இரண்டு கொள்கலனிலும் குறியிட்டு, முத்திரை வைத்து, இருவரும் கையெழுத்திட வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் ஆய்வு முடிவு நீதிமன்றத்தில் சான்றாக ஏறாது. வாய்க்காலில் போன கறுப்புத் தண்ணீரை ஊரே பார்த்திருக்கலாம், பாட்டிலில் ஒரு கையெழுத்து இல்லையென்றால் வழக்கு விழுந்தது. ஊருக்கு அநியாயமாகத்தான் தெரியும். ஆனால் அந்தக் கையெழுத்து தேவையில்லை என்று வைத்தால், பகையாளி வாளியில் கலக்கிக் கொண்டுவந்த நீருக்கும் ஒருவர் தண்டிக்கப்படுவார். நடைமுறையை விட்டுவிடச் சொல்வதில் பயனில்லை. மாதிரி எடுக்கும்போது ஊர்க்காரர் இரண்டு பேர் கூட நின்று, முத்திரையையும் கையெழுத்தையும் கண்ணால் பார்ப்பதில்தான் பயன்.

கதவுகளைப் பற்றி இப்போது சொல்லலாம். புதிதாகக் கழிவு வந்து கிணறோ பயிரோ கெட்டிருந்தால், ஈடு கேட்கச் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு தனிநபர் இழப்பீடு, சொத்தை மீட்டல், சுற்றுச்சூழலை மீட்டல் என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்கிறது, மனுவிலும் தனித்தனியாகக் கேளுங்கள். வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் போக வேண்டும், தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். ஆம்பூர்ப் பக்கம் மழைக்காலத்தில் ஆற்றில் நுரை போகும்போது எடுத்த படத்தில் தேதி இருக்கட்டும், பின்னால் இந்த ஐந்து ஆண்டுக் கணக்குக்கு அதுதான் கை கொடுக்கும். 2001 பட்டியலில் உள்ளவர் புதிதாக வழக்குப் போட வேண்டாம், அவருக்கு வேண்டியது நிறைவேற்றம்: தன் பெயர், தொகை, கொடுத்த தேதி, வசூலான தேதி. இவை தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில், 30 நாளில் பெறக்கூடியவை. வக்கீல் வைக்க வசதியில்லாதவர் வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், அல்லது 15100-ஐ அழைக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் அங்கே வருமான வரம்பு பார்ப்பதில்லை. ஒரு எச்சரிக்கை: மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாகக் கையெழுத்துப் போட்டால் அதற்கு மேல்முறையீடு கிடையாது. 'மொத்தமும் தீர்ந்தது' என்ற வரி அந்தத் தாளில் இருந்தால், மண்ணைச் சீராக்கும் உரிமையையும் சேர்த்துத் தீர்க்கிறதா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

பட்டியல் இருந்தும் பணம் கைக்கு வராமல் போகும் காரணங்கள் சின்னவை. பட்டியலில் முனுசாமி, ஆதாரில் முனிசாமி. தலைப்பெழுத்து ஒன்றில் தந்தை பெயருக்கு, ஒன்றில் ஊருக்கு. அன்று ஒரே புல எண், இன்று நாலு உட்பிரிவு. பெயருக்குரியவர் காலமாகியிருந்தால் வாரிசுச் சான்று, அதில் மணமாகிப்போன மகள் பெயரை விட்டுவிட்டு வாங்கிய சான்று என்றால் பின்னால் தகராறு. அன்று ஒரே மாவட்டம், 2019 முதல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்று. ஆளும் நிலமும் ஒரு ஆட்சியர் எல்லையில், பழைய கோப்பு இன்னொருவர் அலுவலகத்தில் என்று அலையும் நிலை வரக் கூடாது.

ஆகவே ஒரு கோரிக்கை. மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள், தமிழ்நாட்டில் கிராமசபை கூடும் நாள். பாலாற்றங்கரை ஊராட்சிகளில் அன்று 2001 பட்டியலின் அந்த ஊர்ப் பகுதியைப் பெயர் பெயராக உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தொகை, கொடுத்த தேதி, வாரிசு, நிலத்தின் இன்றைய நிலை என்று நாலு கட்டம் இருக்கட்டும். மறுப்பு உள்ளவர் எழுந்து சொல்லட்டும், அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி அவரிடமே கையெழுத்து வாங்கட்டும். உங்கள் நிருபர்களும் அன்று ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகாமல், ஏதாவது ஒரு ஊரின் ஆலமரத்தடிக்குப் போய் அந்தப் பட்டியல் முழுவதையும் கேட்டுவிட்டு எழுதினால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வாலாஜாபேட்டை.